பள்ளி ஆய்வாளர் மேத்யூ ஆர்னால்டு

இலக்கியத் திறனாய்வு பயின்ற தமிழ் மாணவர் எவரும் மேத்யூ ஆர்னால்டு என்னும் பெயரை அறிவர். கவிதையை வாழ்க்கையோடு இணைத்து மதிப்பிட்டவர், விக்டோரியா காலத்துக் கவிஞர் மூவருள் ஒருவராக எண்ணப்படுபவர், பண்பாடு பற்றிய நூலால் புகழ் பெற்றவர் என்ற அளவில் அவர் நம் முதுகலை வகுப்புகளில் அறிமுகமாகிறார். வினாத்தாளில் அவர் கொள்கைக்கு ஓர் இடம் உண்டு. ஆனால், அவர் எதனால் சோறு உண்டார் என்ற வினாவை நாம் கேட்பதில்லை. 1851 முதல் 1886 வரை, முப்பத்தைந்து ஆண்டுகள், அவர் தொடக்கப் பள்ளிகளின் அரசு ஆய்வாளராகப் பணியாற்றினார். அப்பணியில் இருந்துகொண்டே, பள்ளிகளுக்குப் பணம் வழங்குவதில் தம் அரசு கொண்ட கொள்கையை எதிர்த்து எழுதினார்.

நம் வட்டத்தின் உறுப்பினருள் ஆசிரியர் பலர். அரசுப் பணியாளர் பலர். பகலை ஊதியத்திற்கும் இரவைக் கவிதைக்கும் கொடுத்து வாழ்வோர் நாம். ஆதலின் இப்பத்தாண்டு நிறைவு மலரில், கவிஞர் ஆர்னால்டைக் காட்டிலும் ஆய்வாளர் ஆர்னால்டின் வாழ்வை நினைவுகூர்தல் பொருத்தமாகும் எனக் கருதுகிறேன். அவர் சொற்களை எடுத்துக்காட்டாமல், அவர் செயல்களையே வரிசைப்படுத்த முயல்கிறேன்.

இளமையும் கல்வியும்

மேத்யூ ஆர்னால்டு 1822 டிசம்பர் 24ஆம் நாள் தேம்சு ஆற்றங்கரையில் உள்ள லேல்ஹாம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை தாமஸ் ஆர்னால்டு. அவர் 1828இல் ரக்பி பள்ளியின் தலைமையாசிரியராகி, இங்கிலாந்தின் கல்வி வரலாற்றில் நீங்காத இடம் பெற்றார். ஆக, பள்ளி என்பது மேத்யூவுக்கு வீடாகவும் இருந்தது. அவ்வீட்டின் ஒழுங்கும் கண்டிப்பும் அவரை ஒரு வகையில் உருவாக்கின. மற்றொரு வகையில், அவற்றிலிருந்து விலகி நிற்கும் விளையாட்டுப் போக்கையும் அவருக்குக் கொடுத்தன. வண்ண உடைகளை விரும்பி அணிபவராகவும், எதையும் பொருட்படுத்தாதவர் போன்ற தோற்றம் காட்டுபவராகவும் நண்பர்கள் அவரை அறிந்திருந்தனர்.

ரக்பியிலேயே கவிதைப் பரிசு பெற்ற அவர், ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு ஆர்தர் ஹியூ கிளஃப் என்னும் கவிஞரின் நட்பு வலுப்பட்டது. 1842இல் தந்தை மாரடைப்பால் திடீரென இறந்தார். அப்போது தந்தைக்கு நாற்பத்தேழு வயதுகூட நிறையவில்லை. இதய நோய் தமக்கும் குடும்பச் சொத்தாக வரக்கூடும் என்னும் எண்ணம் மகனைப் பின்னாளில் விட்டகலவில்லை. 1843இல் ஆக்ஸ்போர்டின் நியூடிகேட் கவிதைப் பரிசு கிடைத்தது. ஆயினும் இறுதித் தேர்வில் அவர் பெற்றது இரண்டாம் வகுப்பே. தேர்வு முடிவு ஒருவரின் அறிவை முழுதும் அளப்பதில்லை என்பதற்கு அவரே சான்றாகிவிட்டார் எனலாம். மறு ஆண்டிலேயே ஓரியல் கல்லூரி அவரைத் தன் ஆய்வுறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

ஊதியம் தேடிய கவிஞர்

1847இல் அவர் லான்ஸ்டவுன் பிரபுவின் அந்தரங்கச் செயலாளரானார். கல்வித் துறையை மேற்பார்த்த அரசவைக் குழுவின் தலைவர் அப்பிரபு. 1849இல் முதல் கவிதைத் தொகுதி வெளிவந்தது. இந்நிலையில் நீதிபதி வில்லியம் வைட்மனின் மகள் பிரான்சிஸ் லூசியை மணக்க விரும்பினார். நிலையான வருவாய் இல்லாதவருக்குப் பெண் கொடுக்க நீதிபதி இசையவில்லை. 1851 ஏப்ரலில் லான்ஸ்டவுன் பிரபு அவருக்குப் பள்ளி ஆய்வாளர் பதவியை வழங்கினார். ஜூன் மாதம் திருமணம் நடந்தது. கல்வித் தொண்டு என்ற உயர்ந்த நோக்கத்தோடு அவர் இப்பணிக்கு வரவில்லை. குடும்பம் நடத்த வந்தார். இதை மறைக்க வேண்டியதில்லை. நம்மில் பலரும் அவ்வாறே வந்தவர்கள்.

அக்காலத்தில் தொடக்கப் பள்ளிகளை அரசு நடத்தவில்லை; சமய அமைப்புகள் நடத்தின; அரசு மானியம் கொடுத்தது. ஆங்கிலத் திருச்சபைப் பள்ளிகளை அத்திருச்சபையின் குருமார் ஆய்வு செய்தனர். திருச்சபை சாராத பிற புராட்டஸ்தாந்து பிரிவினரின் பள்ளிகள் ஆர்னால்டின் பொறுப்பாயின. அத்தகைய பள்ளிகள் ஊருக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தமையால், அவருடைய எல்லை இங்கிலாந்தின் நடுப்பகுதியிலும் வேல்ஸிலும் பல மாவட்டங்களைத் தழுவியதாய் இருந்தது. தொடர்வண்டி நிலையங்களிலும் விடுதிகளிலும் அவருடைய இளம்பருவ இல்லறம் கழிந்தது. மனைவியும் கைக்குழந்தையும் சில காலம் அவருடனேயே ஊர் ஊராகச் சென்றனர். பகல் முழுவதும் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டல், மாலையில் அறிக்கை எழுதுதல், இடையில் ஆசிரியப் பயிற்சி மாணவரின் விடைத்தாள்களைக் கட்டுக்கட்டாகத் திருத்துதல் என்பது அவர் வாழ்க்கையாயிற்று.

இவ்வாழ்க்கைக்கு நடுவில்தான் 1852இல் எட்னா மலையின் எம்பெடக்ளிஸ் பற்றிய கவிதை நாடகமும், 1853இல் சோராப்–ருஸ்தம் கதைப்பாடலும், நாடோடி அறிஞன் பற்றிய கவிதையும் வெளிவந்தன. பாரசீகப் பெருங்காப்பியமான ஷாநாமாவிலிருந்து எடுத்த சோராப் கதையில், தந்தை தன் மகனை அடையாளம் அறியாமல் போர்க்களத்தில் கொன்றுவிடுகிறான். புகழ்பெற்ற தந்தையின் மகனாக வாழ்ந்த ஒருவர் இக்கதையைத் தேர்ந்துகொண்டது தற்செயல் ஆகாது என்பர் திறனாய்வாளர். 1857இல் ஆக்ஸ்போர்டின் கவிதைப் பேராசிரியர் பதவிக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். இலத்தீனில் உரையாற்றும் பழைய மரபை விடுத்து, ஆங்கிலத்திலேயே உரையாற்றிய முதல்வர் அவரே. பத்தாண்டுகள் நீடித்த அப்பதவி அவரை ஆய்வுப் பணியிலிருந்து விடுவிக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே சுமந்தார்.

மானியமும் கணக்கும்

1833இல் இங்கிலாந்து அரசு பள்ளிக் கட்டடங்களுக்காக முதன்முதலில் ஒதுக்கிய தொகை 20,000 பவுண்டு. 1846இல் கே-ஷட்டில்வொர்த் வகுத்த விதிகளின்படி, சான்றிதழ் பெற்ற ஆசிரியருக்கு ஊதியத்தில் ஒரு பகுதியை அரசே நேரடியாக வழங்கியது. பதின்மூன்று வயதில் பயிற்சிக்கு வரும் மாணவ ஆசிரியருக்கும் அரசே உதவித்தொகை கொடுத்தது. முதிய ஆசிரியருக்கு ஓய்வூதிய நம்பிக்கையும் ஏற்பட்டது. ஏழை வீட்டுப் பிள்ளை ஒருவன் ஆசிரியனாகிக் கண்ணியத்தோடு வாழலாம் என்ற நிலை முதன்முறையாகத் தோன்றியது. அதற்கேற்பச் செலவும் வளர்ந்தது. 1861இல் மானியம் 8 இலட்சம் பவுண்டைத் தாண்டிவிட்டது. கிரிமியப் போரால் கருவூலம் களைத்திருந்த காலம் அது. இப்பணத்திற்கு நாடு என்ன பெறுகிறது என்ற கேள்வி நாடாளுமன்றத்தில் எழுந்தது.

இக்கேள்வி நியாயமானது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளி மக்களுக்குக் கணக்குச் சொல்லத்தான் வேண்டும். 1858இல் அமைக்கப்பட்ட நியூகாசில் ஆணையம் இதனை ஆராய்ந்தது. பிள்ளைகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே நல்ல கல்வி பெறுகின்றனர் என அது 1861இல் தெரிவித்தது. வல்ல மாணவர் சிலருக்கே ஆசிரியர் கவனம் செலுத்துகின்றனர். எழுத்தும் எண்ணும் அறியாமலே மற்றவர் வெளியேறுகின்றனர் என்பது குற்றச்சாட்டு. அதில் உண்மையின் கூறு இருந்தது. ஆர்னால்டும் அதனை முற்றாக மறுத்தவர் அல்லர்.

கேள்விக்குக் கிடைத்த விடைதான் வழக்கிற்குரியதாயிற்று. கல்வித் துறையின் துணைத் தலைவராக இருந்த ராபர்ட் லோ, சந்தைப் பொருளாதாரத்தில் உறுதியான நம்பிக்கை உடையவர். கல்வி திறமாக நடந்தால் பணம் கொடுப்போம். திறம் இல்லையேல் செலவாவது மிச்சமாகும் என்பது அவர் கருத்தின் சாரம். 1862இல் நடைமுறைக்கு வந்த திருத்திய விதித்தொகுப்பு அக்கருத்தின் வடிவமே.

அதன் கணக்கு எளிமையானது. ஆண்டின் சராசரி வருகையில் இடம்பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 4 ஷில்லிங். இருநூறு முறைக்கு மேல் வருகை தந்த பிள்ளை ஒவ்வொருவருக்கும் மேலும் 8 ஷில்லிங். ஆனால் ஆய்வாளர் வரும் நாளில் அப்பிள்ளை வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றிலும் தேறவேண்டும். ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். மூன்றிலும் தவறினால் 8 ஷில்லிங்கும் போயிற்று. பாடங்கள் ஆறு நிலைகளாக வகுக்கப்பட்டன. ஆறாம் நிலையின் உச்சியே செய்தித்தாளின் ஒரு பத்தியைப் படிப்பதுதான். வரலாறு, புவியியல், இலக்கணம் ஆகியவற்றிற்கு ஒரு பென்ஸும் இல்லை.

ஆசிரியருக்கு நேரடியாக வந்த அரசுப் பணம் நின்றது. மானியம் முழுவதும் பள்ளி நிருவாகியிடம் சென்றது. ஆசிரியர் அவரோடு பேரம் பேசவேண்டியவரானார். பல பள்ளிகளில் ஈட்டிய மானியத்தில் ஒரு பங்கே ஊதியம் என்றாயிற்று. ஓய்வூதிய ஏற்பாடும் நிறுத்தப்பட்டது. ஆண்டு மானியம் 1865இல் 6 இலட்சத்து 36 ஆயிரம் பவுண்டளவிற்கு இறங்கியது. சிக்கனம் வென்றது.

பெயரின்றி வந்த எதிர்ப்பு

இத்திட்டம் வெளியானபோது ஆர்னால்டின் வயது முப்பத்தொன்பது. பிள்ளைகளை உடைய குடும்பத் தலைவர். ஊதியத்தையன்றி வேறு பெரிய வருவாய் இல்லாதவர். துறைச் செயலாளரான லிங்கென், பேலியலில் அவருக்கு ஆசிரியராக இருந்தவர். புதிய விதித்தொகுப்பை லோவுடன் சேர்ந்து உருவாக்கியவரும் அவரே. இவர்களை எதிர்த்து ஓர் ஆய்வாளர் வாய் திறப்பது பதவியை இழக்கும் வழி. ஆர்னால்டு அதனை நன்கு அறிந்திருந்தார் என்பதை அவர் குடும்பத்தாருக்கு எழுதிய கடிதங்கள் காட்டுகின்றன.

1862 மார்ச்சில் ஃபிரேசர்ஸ் இதழில், இருமுறை திருத்திய விதித்தொகுப்பு என்னும் பொருள்பட்ட தலைப்பில் அவர் கட்டுரை வெளிவந்தது. ஆசிரியர் பெயர் இல்லை. ஆயினும் எழுதியவர் யார் என்பது நெடுநாள் மறைவாக இருக்கவில்லை. கட்டுரை சிறு நூலாக மறுபதிப்பாகி, நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கொண்டுசெல்லப்பட்டது.

அக்கட்டுரையின் வாதம் இன்றும் எண்ணத்தக்கது. ஏழைப் பிள்ளை ஆண்டில் சில மாதங்களே பள்ளிக்கு வருகிறான். அறுவடைக் காலத்தில் வயலுக்கும், பின்னர் ஆலைக்கும் போகிறான். அவன் வீட்டில் நூல் இல்லை. நூல் பேசும் மொழியும் இல்லை. அவன் தேர்வில் தவறினால் பிழை ஆசிரியருடையது என்று எவ்வாறு சொல்வது? அவன் பொருட்டுப் பள்ளிக்குரிய பணத்தைக் குறைத்தால், மிகவும் பின்தங்கிய ஊரின் பள்ளியே மிகுதியாக வறுமையுறும். உதவி எங்கே மிகத் தேவையோ அங்கிருந்தே உதவி பிடுங்கப்படும். மேலும், பள்ளி என்பது வாசிப்பும் கணக்கும் விற்கும் கடையன்று. ஒழுங்கும் மொழியும் பண்பும் ஒரு தலைமுறைக்குப் பழக்கமாகும் இடம் அது. அவ்விடம் நிலைத்திருப்பதில் அரசுக்குப் பங்கு உண்டு. இவ்வாறு அவர் வாதிட்டார்.

எதிர்ப்பாளருள் கே-ஷட்டில்வொர்த்தும் இருந்தார். திருச்சபையினரும் ஆசிரியரும் நிருவாகிகளும் இருந்தனர். எதிர்ப்பு ஓரளவு பயன் தந்தது. முதல் வரைவில் மானியம் முழுவதும் தேர்வையே சார்ந்திருந்தது. இறுதி வடிவில் மூன்றில் ஒரு பங்கு வருகைக்கு என ஒதுக்கப்பட்டது. எஞ்சியது நிலைத்துவிட்டது. ஆர்னால்டு பதவி இழக்கவில்லை. ஆனால் பெரிய பதவி உயர்வும் நெடுங்காலம் வரவில்லை. 1864இல், ஆய்வாளர்களின் அறிக்கைகளைத் துறையினர் வெட்டித் திருத்துகின்றனர் என்ற குற்றச்சாட்டு நாடாளுமன்றத்தில் வென்றதால் லோ பதவி விலகினார். பின்னர் அமைந்த குழு அவர் மீது தவறில்லை என்றது. விதித்தொகுப்பு மட்டும் அவருக்குப் பின்னும் வாழ்ந்தது.

தேர்வு நாளின் காட்சி

எதிர்த்த விதியையே நாள்தோறும் நிறைவேற்ற வேண்டிய நிலை ஆர்னால்டுக்கு வாய்த்தது. முன்பு ஓர் ஆய்வாளர் பள்ளிக்குள் நுழைந்தால் வகுப்பு நடப்பதைக் காண்பார், ஆசிரியரோடு உரையாடுவார், பள்ளியின் முழு உயிரோட்டத்தையும் மதிப்பிடுவார். இப்போது அவர் கையில் ஒரு பட்டியல். பிள்ளையின் பெயருக்கு நேரே மூன்று கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தேர்ச்சி அல்லது தவறு. ஒவ்வொரு தவறும் ஆசிரியர் வீட்டு அடுப்பில் குறையும் விறகு.

இதன் விளைவை ஆர்னால்டு 1860களின் தம் பொது அறிக்கைகளில் வெளிப்படையாகப் பதிவு செய்தார். ஆண்டு முழுவதும் ஒரே வாசகப் புத்தகம். அதனைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுகின்றனர். தேர்வில் தங்குதடையின்றிப் படிக்கும் பிள்ளை, வேறொரு நூலைக் கொடுத்தால் விழிக்கிறான். படிக்கத் தெரியாமலே வாசிப்பில் தேறலாம். எண்ணத் தெரியாமலே கணக்கில் தேறலாம். ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. அரசு எதற்குப் பணம் கொடுக்கிறதோ அதனை அவர் உற்பத்தி செய்கிறார். பிரான்சிலும் செருமனியிலும் தாம் கண்ட வகுப்பறைகளில் இருந்த அறிவு உயிர்ப்பு, இங்கே ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து வருவதாக அவர் எழுதினார். விதித்தொகுப்பு ஒவ்வொரு பள்ளியிலும் நாட்குறிப்பு எழுதுவதையும் கட்டாயமாக்கியிருந்தது. அக்குறிப்புகள் இங்கிலாந்தின் ஊர்களில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. மழை, தட்டம்மை, உருளைக்கிழங்கு அறுவடை, குறைந்த வருகை, வரவிருக்கும் ஆய்வாளர் என்னும் அச்சம் ஆகியவற்றை அவற்றில் படிக்கலாம்.

மனப்பாடத்தையே ஆர்னால்டு வெறுத்தார் என்று எண்ணுதல் பிழை. நல்ல கவிதையைப் பிள்ளைகள் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். ஏழைப் பிள்ளைக்கு மொழியின் அழகு சென்றுசேர அதுவே நேர்வழி என அவர் நம்பினார். வாசகப் புத்தகங்களின் வறண்ட நடையைக் கண்டித்த அவர், 1872இல் விவிலியத்தின் ஏசாயா பகுதியைத் தொடக்கப் பள்ளி மாணவர் ஒரு முழு இலக்கியப் படைப்பாகப் படிக்கும் வகையில் பதிப்பித்தார். பேராசிரியர் பதவி வகித்த கவிஞர் ஒருவர், தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்காக இறங்கிவந்து செய்த பணி இது.

அவர் குறைகளையும் சொல்லுதல் முறை. நுணுக்கமாகத் தேர்வு நடத்தும் பொறுமை அவருக்கு இல்லை என்றும், மதிப்பெண் இடுவதில் தாராளமானவர் என்றும் சக ஆய்வாளர் சிலர் எழுதியுள்ளனர். உயர்குடித் தோற்றமும் சற்றே மேலிருந்து பேசும் தொனியும் அவரை விட்டு நீங்கவில்லை. 1866இல் ஹைடு பூங்காவில் வாக்குரிமை கேட்டுத் திரண்ட தொழிலாளரைக் கண்டு அவர் அஞ்சினார். 1869இல் வெளிவந்த பண்பாடும் ஒழுங்கின்மையும் என்னும் நூலில் அவ்வச்சத்தின் நிழல் படிந்திருக்கிறது. அத்தொழிலாளரின் பிள்ளைகளோடு வாழ்நாளைக் கழித்தவரும் அவரே என்பது வரலாற்றின் முரண்.

ஆசிரியர் சங்கத்தின் பிறப்பு

1870இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. அதனைக் கொண்டுவந்த வில்லியம் ஃபார்ஸ்டர், ஆர்னால்டின் தமக்கை ஜேனின் கணவர். தனியார் பள்ளி இல்லாத ஊர்களில், வரிப்பணத்தில் பள்ளி நடத்தத் தேர்ந்தெடுக்கப்பட்ட கல்விக் குழுக்கள் தோன்றின. ஆனால் தேர்ச்சிக்கேற்ற மானிய முறையை அச்சட்டம் அகற்றவில்லை.

அதே ஆண்டு ஜூன் மாதம், ஊர்தோறும் சிதறியிருந்த ஆசிரியர் கழகங்கள் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஒன்றுகூடித் தொடக்கப்பள்ளி ஆசிரியர் தேசியச் சங்கத்தை நிறுவின. எட்டாண்டுகளாக ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியே பொறுத்துக்கொண்ட துன்பம் ஒரு குரலாயிற்று. விதித்தொகுப்பைத் திருத்துதல், ஓய்வூதியத்தை மீட்டல், காரணமின்றி நீக்கப்படாத பணிப்பாதுகாப்பு, தகுதி பெற்றோரே ஆசிரியராதல் ஆகியவை அதன் முதற்கோரிக்கைகளுள் அடங்கும். அது 1889இல் தேசிய ஆசிரியர் சங்கம் எனப் பெயர் மாறி, நூற்றாண்டுக்கு மேல் நிலைத்து, 2017இல் வேறொரு சங்கத்தோடு இணைந்து தேசியக் கல்விச் சங்கமாயிற்று.

ஆர்னால்டு சங்கவாதி அல்லர். அரசே சிறந்த கல்வியை அமைத்துத் தரவேண்டும் என நம்பியவர். ஆயினும் ஒன்று தெளிவு. ஆசிரியர் கூட்டம் தன் ஊதியத்திற்காக மட்டும் கூச்சலிடுகிறது என்று அதிகாரிகள் சொன்னபோது, ஊதியமும் கல்வியின் தரமும் எவ்வாறு ஒரே முடிச்சில் கிடக்கின்றன என்பதற்குரிய சான்றுகள் அவர் அறிக்கைகளில் இருந்தன. துறைக்குள்ளிருந்து ஒருவர் எழுதியதும், துறைக்கு வெளியே பலர் கூடியதும் இரு வேறு வழிகள், இலக்கு ஒன்று. இவ்விரண்டில் ஒன்று மட்டும் போதுமானதாக இருந்திருக்காது என்றே எண்ணுகிறேன்.

இழப்புகளும் வற்றிய ஊற்றும்

1861இல் நண்பர் கிளஃப் மறைந்தார். அவருக்கான இரங்கற்கவிதை திர்சிஸ் 1866இல் வெளிவந்தது. 1867இல் வந்த புதிய கவிதைகள் தொகுதியில் டோவர் கடற்கரையும், தந்தையை நினைந்து எழுதிய ரக்பி ஆலயமும் இடம்பெற்றன. அதன்பின் கவிதை அருகிற்று. 1868 தொடக்கத்தில் கைக்குழந்தை பேசில் இறந்தான். அவ்வாண்டு முடியுமுன் மூத்த மகன் தாமஸ் பதினாறு வயதில் இறந்தான். 1872இல் மற்றொரு மகன் பதினெட்டு வயதில் இறந்தான். மூன்று மகன்களைப் புதைத்த தந்தை, அடுத்த நாட்களிலும் பிறர் பிள்ளைகளின் முன் அமர்ந்து அவர்கள் படிப்பதைக் கேட்கவேண்டியிருந்தது.

ஆய்வுப் பணி அவர் கவிதையைக் கொன்றது என்று சொல்வார் உண்டு. அது முழு உண்மையாகாது. எம்பெடக்ளிஸைச் செயலற்ற துயரம் என்று கருதித் தாமே 1853இல் தம் தொகுதியிலிருந்து நீக்கியவர் அவர். தம் கவிதை தம் காலத்திற்கு உதவுமா என்ற ஐயம் பணியின் களைப்புக்கு முன்னரே அவரிடம் இருந்தது. ஆயினும் பெரிய படைப்பு ஒன்றிற்கு வேண்டிய நீண்ட, முறியாத பொழுது அவருக்குக் கிட்டவில்லை என்பதும் உண்மையே. பிற்காலத்தில் அவர் எழுதிய கவிதைகள் மிகச் சில. அவற்றுள் வளர்ப்பு நாய்க்கும் கூண்டுப் பறவைக்கும் எழுதிய இரங்கற்பாக்களும் உண்டு. சிறியவை, ஆயின் அன்பு நிறைந்தவை.

இறுதி ஆண்டுகள்

1883இல் அரசு அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு இலக்கிய ஓய்வூதியம் அளித்தது. அவ்வாண்டே கடனைத் தீர்க்கும் பொருட்டு அமெரிக்கா சென்று உரைகள் நிகழ்த்தினார். 1859, 1865 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியப் பள்ளிகளைப் பார்வையிட்டு நூல்கள் எழுதியிருந்த அவர், 1885–86இல் மூன்றாம் முறையாக அப்பயணத்தை மேற்கொண்டார். நல்ல பயிற்சி பெற்ற ஆசிரியரும், ஒழுங்கான பாடத்திட்டமும், அரசின் பொறுப்பும் அந்நாடுகளில் எவ்வாறு பயன் தருகின்றன என்பதை அறிக்கையாக அளித்தார். தேர்ச்சிக்கேற்ற மானியத்தின் துணையின்றியே அப்பள்ளிகள் சிறந்திருந்தன.

1886 ஏப்ரலில் பணி ஓய்வு. நவம்பரில் வெஸ்ட்மின்ஸ்டர் வட்டாரத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் கூடி அவருக்குப் பிரிவுபசாரம் செய்து பரிசளித்தனர். எவருடைய ஊதியத்தை நிர்ணயிக்கும் பட்டியலை ஆண்டுதோறும் கையில் ஏந்தி வந்தாரோ, அவர்களே தம் சிறு வருவாயில் சேர்த்த பணத்தில் அவரைப் பாராட்டினர். ஆக்ஸ்போர்டு அளித்த பெருமையினும் இது குறைந்ததன்று.

1888 ஏப்ரல் 15ஆம் நாள், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த மகள் லூசியை வரவேற்க அவர் லிவர்பூல் சென்றிருந்தார். டிராம் வண்டியைப் பிடிக்க விரைந்தபோது தந்தையின் நோயே தனயனையும் கொண்டது. அகவை அறுபத்தைந்து. பிறந்த லேல்ஹாமிலேயே பிள்ளைகளின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் எதிர்த்த முறை அவருக்குப் பின் மெல்லக் கரைந்தது. 1890இன் விதித்தொகுப்பு பிள்ளைவாரித் தேர்வு மானியத்தை நீக்கியது. 1897க்குள் அதன் மிச்சங்களும் மறைந்தன. முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு தேசத்தின் ஏழைப் பிள்ளைகள்மேல் அச்சோதனை நடந்தது.

நம் மண்ணில் அதன் நிழல்

இம்முறை கடல் கடந்து நம்மிடமும் வந்தது. சென்னை மாகாணத்தில் 1860களிலிருந்து தொடக்கப் பள்ளிகளுக்குத் தேர்வு முடிவை ஒட்டிய மானியம் வழங்கப்பட்டது. திண்ணைப் பள்ளிகளும் அவ்வலைக்குள் வந்தன. அரிச்சுவடியும் எண்சுவடியும் நிகண்டும் மணலில் எழுதிப் பயின்ற பிள்ளைகள், ஆய்வாளர் பட்டியலின் கட்டங்களுக்கு ஏற்ப அமரலாயினர். 1882இன் ஹண்டர் கல்வி ஆணையம் இம்மானிய முறைகளின் நன்மை தீமைகளை மாகாணவாரியாக ஆராய்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய அரசும் இதிலிருந்து விலகியது. பிற்காலத்தில் வேறு பெயர்களில் இக்கருத்து மீண்டும் எழுந்தது. 2002இல் அமெரிக்காவில் கையொப்பமான சட்டம் ஒன்று, ஆண்டுத் தேர்வின் முடிவைக் கொண்டு பள்ளிகளைத் தண்டிக்க வழி செய்தது. 2015இல் அதற்கு மாற்றுச் சட்டம் வந்தது.

இவ்வாழ்க்கை நமக்குச் சொல்வது யாது? பள்ளியிடம் கணக்குக் கேட்கக் கூடாது என்பதன்று. கேட்க வேண்டும், எழுத்தறியாப் பிள்ளையை ஆண்டுதோறும் மேல்வகுப்பிற்குத் தள்ளிவிட்டுச் சங்கத்தின் நிழலில் ஒதுங்கும் ஆசிரியர் எவரும் ஆர்னால்டைத் துணைக்கு அழைக்க உரிமையற்றவர். ஆனால் கணக்கின் அலகு எது என்பதே வினா. எளிதில் அளக்கக்கூடியதை மட்டும் அளந்து, அளந்ததற்கு மட்டும் பணம் கொடுத்தால், அளக்கப்படாதது அனைத்தும் பள்ளியிலிருந்து வெளியேறும். முதலில் வெளியேறுவது கவிதையாகவே இருக்கும். இதனை ஒரு கவிஞர் முதலில் உணர்ந்ததில் வியப்பில்லை.

இன்னொன்றும் உண்டு. ஆர்னால்டின் அறிக்கைகளை இலக்கிய வரலாறு அவருடைய படைப்புகளில் சேர்ப்பதில்லை. எனினும் அவற்றில் உள்ள தெளிந்த உரைநடை, கண்டதைக் கண்டபடி மேலிடத்திற்குச் சொல்லும் நேர்மை, பேச இயலாதவர் பொருட்டுப் பேசும் அக்கறை ஆகியவை கவிஞனின் கல்வியால் வந்தவையே. பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை படிக்கும் நாமும், மறுநாள் காலை நம் அலுவலகக் கோப்பில், வகுப்பறைப் பதிவேட்டில், மேலதிகாரிக்கு எழுதும் குறிப்பில் எத்தகைய தமிழை எழுதுகிறோம், எவ்வளவு உண்மையை எழுதுகிறோம் என்று எண்ணிப்பார்த்தல் நலம். அங்கும் நம் கவிதை சோதிக்கப்படுகிறது.